ஜெனரல் வைத்திருந்த இரண்டு பட்டியல்

ஜெனரலின் புத்தகத்தை டைப் அடிக்கத்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். நான் போன காரணம் வேறு. சண்டையில் செத்துப்போன என் அண்ணனை எங்கே புதைத்தார்கள் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அம்மா நம்பினாள். அதைத் தெரிந்துகொண்டு வரத்தான் போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. ஆரம்பாக்கத்துப் பக்கம் எங்கள் காலனியில் இருந்தவர்கள் எல்லோரும் அதுவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பாதிக் குடும்பங்கள் அம்மன் கோயிலுக்குப் போகும், பாதி மாதா கோயிலுக்கு. நாங்கள் மாதா கோயில். நான் டைப்பிங்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ஏதாவது ஒரு கம்பெனியில் உட்கார ஒரு நாற்காலி கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்களுக்கோ மூட்டை தூக்க ஆள் வேண்டும்போது மட்டும்தான் எங்கள் காலனி கண்ணில் படும். அப்போதுதான் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் சொன்னார்: கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே சவுக்குத் தோப்பு வாங்கி வீடு கட்டியிருக்கும் ஓய்வுபெற்ற ஜெனரல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறார், சுருக்கெழுத்து தெரிந்த ஆள் தேடுகிறார். பெயரையும் சொன்னார்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணன் எல்லையிலிருந்து போட்ட கடைசிக் கடிதத்தில் அவரைப் பற்றித்தான் எழுதியிருந்தான். அவர்களுடைய டிவிஷனுக்குத் தளபதி ஒரு தமிழர். முந்தின நாள் இவர்களோடு தரையில் உட்கார்ந்து, இவர்கள் தட்டிலிருந்தே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாராம். எந்த ஊர் என்று கேட்டாராம். இவன் சொன்னதும், கல்கத்தா மெயிலில் போகும்போது அந்த ஸ்டேஷன் போர்டைப் பார்த்திருக்கிறேன் என்றாராம். அம்மா அந்தக் கடிதத்தை எத்தனை முறை என்னைப் படிக்கச் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு அந்த ஜெனரல் எங்களுக்கு ஒரு தூரத்து உறவு மாதிரியே ஆகிவிட்டார்.

அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கூலிக்குப் போய் எங்கள் இருவர் வயிற்றையும் பார்த்தாள், பாதி நாள் பார்க்க முடியவில்லை. அண்ணனைத் திருவள்ளூரில் சர்க்கார் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். சீனாக்காரனோடு சண்டை வந்த சமயம் திருவள்ளூர் மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இவனும் வரிசையில் போய் நின்றுவிட்டான். எங்களுக்குக் கடிதம் வந்துதான் தெரியும். அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டையில் இறந்தான். தந்தி வந்தது, பிறகு ஒரு கடிதம் வந்தது, அதற்கும் பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி வந்தது. உடம்பு வரவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் வராது.

இழவுக்கு அழுது முடித்த பிறகும் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். ஒரு வாரம் முன்பே போய் அவரவர் குடும்பத்துக் கல்லறையில் புல் செத்தி, சுண்ணாம்பு அடித்து வைப்போம். அன்று சாயங்காலம் சாமந்திப்பூ போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி, மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கும்வரை பக்கத்திலேயே நிற்போம். அம்மா இரண்டு கட்டு மெழுகுவர்த்தி வாங்குவாள். ஒன்றை அப்பா கல்லறையில் ஏற்றிவிடுவாள். இன்னொன்றை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பாள். எங்கோ போய்ச் செத்தவர்களுக்கும் கேட்பாரற்றவர்களுக்கும் சேர்த்து நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு, அங்கே வைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். “எம்புள்ள இன்னா அநாதியா?” என்பாள்.

அவள் நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் வைத்திருந்தாள். பட்டாளத்துக்குக் கிளம்பும்போது அண்ணன் கழுத்தில் அவள் கட்டிவிட்ட, மாதா படம் தைத்த துணி உத்தரியம் அந்த டிரங்குப் பெட்டியில் இல்லை. ஆகவே அது அவன் கழுத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் அவனை வேதக்காரன் என்று தெரிந்துகொண்டு சிலுவை நட்டுத்தான் புதைத்திருப்பார்கள். இடம் மட்டும் தெரிந்தால் போதும், ஒரே ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அதற்குமேல் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஜெனரல் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பார். நான் இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனால் என்னைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கஞ்சி போட்ட காக்கிக் கால்சட்டை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மனைவி, அவர் ஓய்வுபெற்ற வருஷமே இறந்துவிட்டார். பழைய சிப்பாய் ஒருவர் சமையல். அந்தப் பெரிய வீட்டில் என் டைப்ரைட்டர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாமே என்று இப்போது யாருக்கும் தோன்றும். செத்தவன் தங்கை என்று தெரிந்தால் மனிதர்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள், இனிப்பாக எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு வந்த கடிதமே அப்படித்தான் இருந்தது. எனக்கு இனிப்பு வேண்டாம். அவராகவே அந்த இடத்துக்கு வந்து சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன் என்று வீம்பாக இருந்தேன். இன்னொன்றும் உண்டு. என் சர்ட்டிபிகேட்டில் இருப்பதும் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக்கொண்ட ஓர் இந்துப் பெயர்தான். காலனியில் எங்கள் எல்லோருக்கும் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் சலுகை கிடையாது, ஸ்காலர்ஷிப் கிடையாது. அண்ணனுக்கு ஹாஸ்டலில் அங்கிருந்த வார்டன் ஒரு பெயரை எழுதிக்கொண்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. ஜெனரல் என்னிடம் மதம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவரோ வரிசை தவறாத மனிதர். பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். தெற்கே ஏதோ ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மகன். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலி ஆறு மாதம் காலியாகவே இருந்ததைச் சொன்னார். பிறகு பர்மாவுக்குப் போனார். போனவர் திரும்பவே இல்லை. அங்கே மழை பெய்தது, மலேரியா வந்தது, பாலம் உடைந்தது, கழுதைகள் செத்தன. எனக்குச் சலித்துப்போயிற்று. தினமும் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்பாள்.

“ஜெனரலு எங்க வந்துகிறாரு?”

இன்னும் பர்மாதான் என்பேன். “இன்னா மனுசன், நம்ம புள்ளகிட்ட எப்போதான் வருவாரு?” என்று அலுத்துக்கொள்வாள். அவரைப் பர்மாவிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு நாலு மாதம் பிடித்தது.

ஆனால் அந்தப் பர்மாவில்தான் அவர் எனக்குப் பிடித்துப்போனார். அவரோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் ஒருவர் அங்கே செத்திருக்கிறார். பின்வாங்கும் அவசரத்தில் ஓர் ஓடைக்கரைச் சேற்றில் இவரே கையால் தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். அடையாளத்துக்கு ஒரு கல்கூட இல்லை. சண்டை முடிந்ததும் திரும்பப் போய் மூன்று நாள் தேடியிருக்கிறார். ஓடை வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. நண்பனின் அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் போகவே இல்லை என்றார். என் கையில் ஒருவன் செத்தால் அவன் வேதப்படி அவனை அனுப்பாமல் இனி நகரமாட்டேன் என்று அன்று முடிவு செய்தாராம். அதை டைப் அடிக்கும்போது எனக்குக் கண் மறைத்துவிட்டது. இந்த மனிதர் கையில்தான் என் அண்ணன் இருந்திருக்கிறான், இனிக் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொன்னதும் அவள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

காஷ்மீர் வந்தது. டில்லியில் மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள் என்ற கோபம் வந்தது. சீனச் சண்டை வந்துபோனது. கடைசியாக ஒரு சனிக்கிழமை பாகிஸ்தான் சண்டைக்கு வந்தோம். டாங்கிகள், கால்வாய், கரும்புக் காடு என்று நாலு நாள் சொன்னார். அண்ணனின் பட்டாலியன் பெயர் வந்தபோது என் பென்சில் முனை ஒடிந்தது. வேறு பென்சில் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு நடந்ததைச் சொன்னார். கரும்புக் காட்டில் கிடந்தவர்களை எடுக்க அதுவரை வழியில்லை. எடுத்துக்கொண்டு வந்து ஒரு மாந்தோப்பில் வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொருவன் கழுத்திலும் தகட்டு வில்லை இருக்கும், அதில் எண், பெயர், மதம். அதைப் பார்த்துப் பிரித்தார்கள். இந்துக்களுக்குச் சிதை அடுக்கி, ஜெனரலே ஒவ்வொன்றாக நெருப்பு வைத்தார். சாம்பலை அங்கே ஓடும் ஆற்றில் கரைத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஒரு பாதிரியாரைத் தேடிப் பிடித்து வந்து ஜெபம் செய்யவைத்து, தோட்டாப் பெட்டிப் பலகையில் சிலுவை செய்து நட்டுப் புதைத்தார்கள். சொல்லிவிட்டு நின்றார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். நான் வாங்கிய பதக்கங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், என் பணிக்காலத்தில் நான் தவறே செய்யாத நாள் என்று கடவுளிடம் காட்ட எனக்கு அந்த ஒரு நாள் போதும் என்று அதற்கு அர்த்தம்.

மாந்தோப்பு, பாதிரியார், அம்மா சொன்னபடியே சிலுவை, எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும், பட்டியல் இருக்கிறதா சார் என்று கேட்டேன். பொறுப்பான பெண் என்று நினைத்து மகிழ்ந்துபோய் அவரே பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து கொடுத்தார்.

புதைத்தவர்கள் பட்டியலில் ஒன்பது பேர். அண்ணன் இல்லை. மறுபடி படித்தேன். விரலை வைத்து மூன்றாம் முறை படித்தேன். பிறகு எரித்தவர்கள் பட்டியல். அது இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் முதலில் எண்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு இன்லண்டு கடிதத்திலும் நான் எழுதிய எண். பக்கத்தில் அவனுடைய பள்ளிக்கூடப் பெயர். அதற்குப் பக்கத்தில் இந்து.

“சார், இது எங்க அண்ணன். நாங்க கிறிஸ்டியன் சார்” என்றேன்.

அவர் நடையை நிறுத்தினார். நீ சொல்லவே இல்லையே என்றார், மெதுவாக.

“நீங்க கேக்கல சார். அவனையும் யாரும் கேக்கல.”

கழுத்தில் உத்தரியம் போட்டிருந்தானே, அதை ஒருத்தரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அத்தனை நாள் வெயிலில் கிடந்த உடம்புகளம்மா, தகடு மட்டும்தான் படிக்கிற மாதிரி இருந்தது என்றார். எனக்கு இனிப்பில்லாத உண்மைதானே வேண்டும் என்று இருந்தேன், கிடைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“அப்ப அந்தக் கடைசி வரிய அடிச்சு எடுத்துடவா சார்?” என்றேன்.

அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவ்வளவு உயரமான மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பட்டாளத்தில் அவனைச் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்துச் சான்றிதழைப் பார்த்து எழுதியிருப்பார்கள், சான்றிதழில் இருந்ததைத் தகட்டில் அடித்திருப்பார்கள், அவர் என்ன செய்வார்? அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். உட்கார்ந்தபடியே, உன் அம்மாவை நான் பார்க்க வேண்டும் என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவர் சொல்லட்டும் என்று விட்டேன். ஜெனரல் உன்னைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். இடத்தைச் சொல்லத்தான் அவ்வளவு பெரிய மனிதர் நேரில் வருகிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மூன்று நாளும் அவளுக்குத் தூக்கமில்லை. எந்த ரயில், எத்தனை நாள் ஆகும், அங்கே குளிருமா என்று என்னைத் துளைத்தெடுத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கம்பளி இரவல் கேட்டு வாங்கிவைத்தாள். நான் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்தார். கார் காலனிக்குள் வராது, ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கோயிலிலிருந்து எடுத்து வந்த நாற்காலியைப் போட்டோம். அம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தமிழில், எதையும் மழுப்பாமல் சொன்னார். மாந்தோப்பைச் சொன்னார், தகட்டைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார். உங்கள் மகனை உங்கள் வேதப்படி அடக்கம் செய்யத் தவறிவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றார்.

அம்மா அழவில்லை. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்க தப்பு இன்னா கீது ஐயா இதுல? ஆஸ்டல்ல அந்தாளு இன்னா மதம்னு கேட்டான். கிறிஸ்டியன்னா எடம் இல்லன்னான். புள்ள காலைலேருந்து ஒண்ணும் துன்னாம எங்கையப் புட்சிக்கினு நின்னுக்கினு இருந்தான். உள்ள கொழம்பு வாசன வருது. இந்துதான்னு சொன்னேன். பேரு இன்னான்னான். எங்க நைனா பேர சொன்னேன்.”

முகம் தெரியாத அந்த வார்டனை இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒருமுறைகூட என்னைத் தடுத்ததில்லை. இப்போது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எரிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று அவரிடம் கேட்டாள். நான் இருந்தேன் அம்மா, நெருப்பு வைத்ததும் நான்தான் என்றார். தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து உள்ளே போய், வாங்கி வைத்திருந்த பாலில் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் உட்கார்ந்து அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு அவர் ஒரு வாரம் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது அந்தக் கடைசி வரியைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்திருந்தார். மிச்சமிருந்த பதவி உயர்வுகள், டில்லியில் கொடுத்த பதக்கம், ஓய்வு எல்லாவற்றையும் ஒரே காலையில் சொல்லி முடித்துவிட்டார், மூன்று பக்கம் வந்தது. புத்தகம் அச்சாகவில்லை. எனக்கு ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கடிதம் கொடுத்தார், அதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவரும் போய்விட்டார். நான் வாயை அடக்கிக்கொண்டிருந்தால் அவர் அந்த ஒரு நாளோடு நிம்மதியாகச் செத்திருப்பார், அம்மாவும் என்றைக்காவது ரயிலேறிப் போவோம் என்றே இருந்திருப்பாள். உண்மை தெரிந்து எங்களில் யாருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அம்மா முன்போலவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனாள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வாள், நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகமாட்டாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: எரித்த உடம்பையும் ஆண்டவர் எழுப்புவார், திருச்சபையே இப்போது அதைத் தடுப்பதில்லை. மதத்தை மாற்றிச் சொன்னது மனசை அறுத்தால் பாவசங்கீர்த்தனத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல், அதோடு தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து அப்படியே அவளிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியும். சொன்னா அர நிமிசத்துல மன்னிச்சி அனுப்பிச்சிடுவாரு” என்றாள். “அதான் சொல்லல.”

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுடைய கடைசி நாளில் சாமியார் வீட்டுக்கே வந்து பாயின் அருகில் உட்கார்ந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று இரண்டு முறை கேட்டார். நினைவு நன்றாகவே இருந்தது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.